ரோமில் கதவு, பங்கில் வேலை

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலி முடியும் தறுவாயில், இறுதி ஆசிக்கு முன்பாக, பங்குத்தந்தை அறிவிப்புத் தாளைக் கையில் எடுப்பார். யாருக்குக் கல்யாண ஓலை, இந்த வாரம் அன்பியக் கூட்டம் யார் வீட்டில், மறைக்கல்வித் தேர்வு என்றைக்கு, கோவில் கூரை வேலைக்கு இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஊர்ச் செய்தியெல்லாம் அதில் இருக்கும். 2024ஆம் ஆண்டு முடிகிற நேரத்தில், உலகெங்கும் கத்தோலிக்கக் கோவில்களில் இந்த அறிவிப்புகளோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. யூபிலி ஆண்டு வருகிறது, தயாராகுங்கள் என்பதே அது.

கோவில் வாசல்களில் பேனர்கள் ஏறின. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறத்தில் நான்கு மனித உருவங்கள் ஒன்றையொன்று அணைத்தபடி நிற்கும். முதல் உருவம் ஒரு சிலுவையைப் பற்றியிருக்கும். அந்தச் சிலுவையின் அடிப்பாகம் அலைகளுக்குள் நங்கூரமாக இறங்கும். கீழே, ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்ற வாசகம். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் சாலையோரம் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். என்ன கொண்டாட்டம் இது, ரோமில் ஒரு கதவைத் திறப்பதற்கும் நம் ஊர்த் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. பங்கு மக்களிலேயே பலருக்கு அந்தக் கேள்வி இருந்தது.

முதலில் பங்கு என்றால் என்ன என்று சொல்லிவிடலாம். ஒரு கோவிலும் அதைச் சுற்றி வாழும் கத்தோலிக்கக் குடும்பங்களும் சேர்ந்தது பங்கு. அதைக் கவனிக்கும் குரு பங்குத்தந்தை. அவருக்கு ஆலோசனை சொல்ல மக்களின் பிரதிநிதிகள் கொண்ட பங்குப்பேரவை உண்டு. பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் வீடுகளில் கூடிச் செபிக்கும் சிறு குழு அன்பியம். பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். அதன் தலைவர் ஆயர். திருத்தந்தை வத்திக்கானில் ஒன்றை அறிவித்தால் அது ஆயர் வழியாகப் பங்குக்கும், பங்கிலிருந்து அன்பியத்துக்கும் இறங்கி வரவேண்டும். இறங்கி வந்தால்தான் உண்டு.

யூபிலியின் வேர் விவிலியத்தில், லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஏழு ஏழாண்டுகள் கழிந்து வரும் ஐம்பதாம் ஆண்டை இஸ்ரயேல் மக்கள் புனிதமாக்க வேண்டும். எக்காளம் ஊதி நாடு முழுவதும் விடுதலையை அறிவிக்க வேண்டும். வறுமையால் நிலத்தை விற்றவனுக்கு நிலம் திரும்ப வேண்டும். கடனுக்காகத் தன்னையே விற்றுக்கொண்டவன் பிள்ளைகளோடு தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த ஆண்டு விதைப்பும் இல்லை, அறுவடையும் இல்லை, மண்ணுக்கும் ஓய்வு. பிற்காலத்தில் நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எசாயாவின் ஏட்டுச்சுருளை வாங்கி, சிறைப்பட்டோருக்கு விடுதலை, ஒடுக்கப்பட்டோருக்கு விடுதலை, ஆண்டவரின் அருள்தரும் ஆண்டு என்ற பகுதியை வாசித்ததாக லூக்கா எழுதுகிறார். நிலம், கடன், சிறை ஆகிய மூன்றும் மண்ணில் நடக்கிற காரியங்கள். யூபிலி பிறந்தது இவற்றில்தான்.

திருச்சபையில் அது புனித ஆண்டாக மாறியது 1300இல். அந்தக் கதையில் ஒரு அழகு இருக்கிறது. திருத்தந்தை முதலில் அறிவிக்கவில்லை. மக்கள் முதலில் வந்துவிட்டார்கள். நூற்றாண்டு பிறக்கும் வேளையில் பேதுருவின் கல்லறைக்குச் சென்றால் பெரும் மன்னிப்பு கிடைக்கும் என்று ஒரு பேச்சு ரோமில் பரவி, குளிர்காலத்திலேயே கூட்டம் குவிந்தது. நூறாண்டுக்கு முன் தன் தகப்பன் இப்படி வந்ததாக 107 வயது முதியவர் ஒருவர் சொன்னாராம்; அக்காலக் கர்தினால் ஸ்டெஃபனெஸ்கி இதை எழுதி வைத்திருக்கிறார். பழைய ஏடுகளில் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் மக்களின் ஏக்கம் கண்ணுக்கு நேரே நின்றது. 1300 பிப்ரவரி 22 அன்று எட்டாம் போனிஃபாஸ் முதல் புனித ஆண்டை அறிவித்தார். அந்த ஆண்டில் ரோமில் இருந்த ஃப்ளாரன்ஸ் நகரத்து வரலாற்றாசிரியர் ஜொவான்னி வில்லானி, நகரில் எந்நேரமும் 2 லட்சம் யாத்திரிகர்கள் இருந்ததாகக் குறிப்பிட்டார். ஆற்றுப் பாலத்தில் போவோரும் வருவோரும் மோதாமல் இரு வரிசையாக விடப்பட்டதைக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் பதிவு செய்தார்.

நூறாண்டுக்கு ஒருமுறை என்றுதான் போனிஃபாஸ் விதித்தார். ஒருவர் வாழ்நாளில் கிடைக்காமலே போகக்கூடிய இடைவெளி அது. ஆறாம் கிளமெண்ட் அதை ஐம்பதாக்கினார். அதன்படி 1350இல் நடந்த புனித ஆண்டு, கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடி ஓய்ந்த சூட்டோடு வந்தது. 1470இல் இரண்டாம் பவுல் 25 ஆண்டு என்று நிர்ணயித்தார். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு யூபிலியாவது காணட்டும் என்பது நோக்கம். இன்றும் அதுதான் கணக்கு. இடையில் சிறப்புப் புனித ஆண்டுகளும் உண்டு: மீட்பின் நினைவாக 1933, 1983, இரக்கத்தின் ஆண்டாக 2015–16.

புனிதக் கதவு பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ரோமின் நான்கு பெருங்கோவில்களில் அப்படி ஒரு கதவு உண்டு; புனித ஆண்டில் மட்டும் திறக்கும், மற்ற காலத்தில் உட்புறம் செங்கல் சுவர் எழுப்பி அடைத்திருக்கும். 1500ஆம் ஆண்டு யூபிலிக்காக ஆறாம் அலெக்சாண்டர் நான்கு கோவில்களிலும் இந்தத் திறப்பு வழக்கத்தை நிலைநிறுத்தினார். முன்பெல்லாம் திருத்தந்தை சுத்தியலால் சுவரைத் தட்ட, சுவர் சரியும். 1974 கிறிஸ்துமஸ் இரவில் அப்படிச் சரிந்தபோது காரைத் துண்டுகள் ஆறாம் பவுலுக்கு மிக அருகில் விழுந்தன. அதன்பின் சுவரை முன்கூட்டியே அகற்றிவிட்டு, வெண்கலக் கதவைத் தள்ளித் திறக்கும் வழக்கம் வந்தது. கடந்த யூபிலிக்கு, 2024 டிசம்பர் 24 மாலை, 88 வயது திருத்தந்தை பிரான்சிஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடி புனித பேதுரு கோவிலின் கதவைத் தட்டினார்.

தொலைக்காட்சி காட்டியது அந்தக் காட்சியைத்தான். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 2023ஆம் ஆண்டை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் நான்கு முக்கியக் கொள்கைத் திரட்டுகளைத் திரும்பப் படிப்பதற்கு ஒதுக்கினார் பிரான்சிஸ். 2024ஐச் செப ஆண்டாக அறிவித்தார். அதை அறிவித்துவிட்டு அவர் மாளிகையில் உட்கார்ந்திருக்கவில்லை. 2024 ஏப்ரல் 11 அன்று ரோமின் கிழக்குப் புறநகரில் இருக்கும் புனித ஜான் மரிய வியான்னி பங்குக்கு, முன்னறிவிப்பு இல்லாமல், மறைக்கல்வி வகுப்பு நேரத்தில் போய் இறங்கினார். முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகிக்கொண்டிருந்த சுமார் 200 குழந்தைகள் நடுவில் உட்கார்ந்து, நன்றி சொல்லிச் செபிப்பது பற்றிப் பேசினார். உலகத் திருச்சபையின் தலைவர் ஒரு புனித ஆண்டுக்கான தயாரிப்பைப் புறநகர்ப் பங்கு ஒன்றின் மறைக்கல்வி வகுப்புக்குக் கொண்டுபோனது தற்செயல் என்று தோன்றவில்லை.

2024 மே 9 அன்று யூபிலியை முறைப்படி அறிவிக்கும் ஆணை மடல் வந்தது. சிறைவாசிகளுக்குப் பொதுமன்னிப்பு அல்லது தண்டனைக் குறைப்பு கொடுங்கள் என்று அரசுகளைக் கேட்டது. மரண தண்டனையை ஒழிக்கச் சொன்னது. நோயாளிகள், முதியோர், புலம்பெயர்ந்தோர், ஏழைகள் ஆகியோருக்கு எதிர்நோக்கின் அடையாளங்களாக இருங்கள் என்று மக்களைக் கேட்டது. திருப்பித் தரவே முடியாத நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று பணக்கார நாடுகளிடம் சொன்னது. ஆயுதத்துக்குச் செலவிடும் பணத்தைக் கொண்டு பசியை ஒழிக்க ஓர் உலக நிதி அமையுங்கள் என்றது. இந்தக் கடைசி யோசனைக்கு இந்திய மண்ணோடு தொடர்பு உண்டு. 1964 டிசம்பரில் பம்பாய்க்கு வந்த ஆறாம் பவுல், ஆயுதச் செலவின் ஒரு பகுதியை ஏழைகளுக்கான உலக நிதியாக்கும்படி அங்கிருந்துதான் வேண்டுகோள் விடுத்தார். அறுபது ஆண்டுக்குப் பிறகும் அதையே மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்த சில நாளில், மே 13 அன்று, நிறைபேறு பலன் பற்றிய விதிமுறைகள் வெளியாயின. பெரியவர்கள் பரிபூரண பலன் என்று சொல்வது இதைத்தான். பாவம் மன்னிக்கப்பட்ட பிறகும் அதன் விளைவாக எஞ்சும் தண்டனையிலிருந்து விடுதலை என்பது திருச்சபையின் போதனை. பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணை வாங்கி, திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபித்து, குறிப்பிட்ட திருப்பயணத்தையோ பக்தி முயற்சியையோ அறச்செயலையோ செய்பவர்களுக்கு அது கிடைக்கும், இறந்தவர்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கலாம். ஒரு காலத்தில் இது காசுக்கு விற்கப்பட்டது. மார்ட்டின் லூத்தர் 1517இல் எழுப்பிய எதிர்ப்பின் மையமே அந்த விற்பனைதான். திருச்சபை தன் தவறை உணர்ந்து, பணம் கேட்கும் பலன்களை 1567இல் ஒழித்தது.

2025க்கான விதிமுறைகள் பங்கு மக்களின் கவனத்துக்கு முழுமையாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரோமுக்குப் போக முடியாதவர்களுக்குச் சொந்த மறைமாவட்டத்தில் ஆயர் குறித்த கோவில்களே போதுமானவையாக இருந்தன. இன்னொரு வழியும் இருந்தது. நோயாளியையோ சிறைவாசியையோ தனியே இருக்கும் முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ தேடிப்போய் அவர்களோடு தக்க நேரம் செலவிட்டால், அவர்களுக்குள் இருக்கும் கிறிஸ்துவை நோக்கிச் செய்த திருப்பயணமாகவே அது கொள்ளப்படும் என்றது அந்த ஆவணம். வாரத்தில் ஒரு நாளாவது வீண் கேளிக்கைகளையும் சமூக வலைத்தளங்களையும் விட்டிருப்பது, அளவுக்கு மீறிய நுகர்வைத் தவிர்த்து அந்தப் பணத்தை ஏழைக்குக் கொடுப்பது ஆகியவையும் அதே வரிசையில் வந்தன. 2024 ஆகஸ்டில் வத்திக்கான் இன்னொரு விளக்கமும் கொடுத்தது: இம்முறை ரோமுக்கு வெளியே எங்கும் தனியாகப் புனிதக் கதவு வேண்டாம். 2015–16இல் மறைமாவட்டந்தோறும் கதவு திறந்ததற்கு மாறான முடிவு இது.

ஆகவே 2024 டிசம்பர் 29, திருக்குடும்ப விழா ஞாயிறன்று, உலகின் பேராலயங்களில் யூபிலி தொடங்கியபோது மக்கள் சிலுவையின் பின்னால் பவனியாக நடந்து உள்ளே சென்றார்கள். தமிழகத்துக் கத்தோலிக்கருக்கு நடைப்பயணம் புதிதல்ல. ஆகஸ்ட் மாதம் வந்தால் காவி உடுத்தி, தோளில் பையோடு, வெறுங்காலில் வேளாங்கண்ணிக்கு நடக்கும் கூட்டத்தைக் கடற்கரைச் சாலை நெடுகப் பார்க்கலாம். அருளானந்தர் தலை வெட்டுண்ட ஓரியூர், வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சி, பூண்டி மாதா கோவில் என்று பேருந்து எடுத்துக்கொண்டு போவதும் எந்தப் பங்குக்கும் கைவந்த காரியம். யூபிலித் தயாரிப்பு என்றதும் பேனர், பவனி, பேருந்து மூன்றும் சுலபமாக நடந்துவிடும்.

கடினமானது, தேவையில் இருப்போரைத் தேடிப்போகும் மற்ற பாதி. அதற்கும் முன்னுதாரணங்கள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் குருக்கள் அல்லாத பொதுநிலையினரிடமிருந்து வந்தவை. 1550ஆம் ஆண்டு யூபிலிக்கு ரோமுக்கு வந்த ஏழை யாத்திரிகர்களுக்குத் தங்க இடமில்லை, உண்ண வழியில்லை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு பிலிப் நேரி என்பவர் ஒரு பக்த சபையைத் தொடங்கியிருந்தார். அப்போது அவர் குருவாகவில்லை; குருப்பட்டம் பெற்றது 1551இல்தான். சாதாரண மனிதர்களைச் சேர்த்துக்கொண்டு, களைத்து வந்தவர்களின் பாதங்களைக் கழுவி, சோறு போட்டு, படுக்க இடம் கொடுத்தார். அடுத்தடுத்த யூபிலிகளில் ரோம் நகரத்தையே தாங்கிய பணியாக அது வளர்ந்தது. திருச்சபை அவரைப் பிறகு புனிதராக்கியது.

2000ஆம் ஆண்டு யூபிலி இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. லேவியர் நூல் சொல்லும் கடன் விடுதலையை நேரடியாக எடுத்துக்கொண்டு, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி பிரிட்டனில் ஓர் இயக்கம் பிறந்தது. பெயரே ‘ஜூபிலி 2000’. கோவில் கோவிலாகக் கையெழுத்து வாங்கினார்கள். 1998 மே 16 அன்று பர்மிங்காமில் ஜி-8 தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நகர மையத்தைச் சுற்றி நின்றார்கள். உலகெங்கும் 2 கோடிக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. அந்த அழுத்தத்தில் விரிவாக்கப்பட்ட கடன் நிவாரணத் திட்டம், இதுவரை 37 நாடுகளுக்கு 10,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட கடனைக் குறைத்திருக்கிறது. ஒரு ஞாயிறன்று கோவில் வாசலில் மேசை போட்டு வாங்கிய கையெழுத்து, ஆப்பிரிக்காவில் பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவத்துக்கும் பணமாகத் திரும்பியது.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று இலங்கை அறிவித்த பிறகு எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்ற தமிழ்க் குடும்பங்களுக்கு, நாட்டின் கடன் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டுப் பங்குகளிலோ கடன் இன்னும் நெருக்கமாக, அன்பியக் கூட்டம் நடக்கும் அதே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அடகுக் கடையில் தாலிச்சங்கிலி, வாரந்தோறும் கதவைத் தட்டும் குழுக்கடன் தவணை, தினவட்டி, மீட்டர் வட்டி. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழக அரசு சட்டமே கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிப் பங்கு மண்டபத்தில் ஒரு மாலை பேசுவதும், கழுத்தளவு கடனில் நிற்கும் குடும்பங்களுக்குக் கைகொடுக்க ஒரு சிறு நிதி திரட்டுவதும், கொடுத்த சிறு கடனை வசதி உள்ளவர் மனமுவந்து விட்டுவிடுவதும் எந்தப் பேனரையும் விட யூபிலிக்கு அருகில் இருக்கும் காரியங்கள்.

சிறைப் பக்கம் வருவோம். 2024 டிசம்பர் 26 அன்று பிரான்சிஸ் ரோமின் ரெபிபியா சிறைக்குப் போய், அதன் சிற்றாலயத்தில் ஒரு புனிதக் கதவைத் திறந்தார். நான்கு பெருங்கோவில்களோடு ஐந்தாவதாக ஒரு சிறை சேர்ந்தது. 2025 ஜனவரியில், யூபிலியின் உணர்வில் 553 பேரை விடுவிப்பதாகக் கியூபா அறிவித்தது. இந்தியாவில் 2022 முடிவில் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.7 லட்சம் பேர். அவர்களில் நான்கில் மூன்று பேருக்கும் சற்று மேல் விசாரணைக் கைதிகள், குற்றம் இன்னும் நிரூபிக்கப்படாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க ஆளில்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் அவர்களில் உண்டு. அப்படிப்பட்ட ஏழைக் கைதிகளுக்கு உதவ 2023இல் மத்திய அரசு ஒரு நிதித் திட்டம் கொண்டுவந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையிலேயே கழித்துவிட்டால் விடுவிக்க வழிசெய்கிறது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களுக்கு இது பொருந்தாது. சட்டம் இருக்கிறது, அதைக் கைதியின் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். ஒவ்வொரு பங்கிலும் ஒரு வழக்கறிஞரோ சட்டம் படிக்கும் மாணவரோ இருப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தாலே ஒரு தொடக்கம்.

முதியோரையும் நோயாளிகளையும் தேடிப்போவது ஓரளவுக்கு ஏற்கெனவே நடக்கிறது. முதல் வெள்ளிக்கிழமைகளில் வீடு வீடாக நற்கருணை போகும். மரியாயின் சேனை என்ற பக்த இயக்கத்தின் உறுப்பினர்கள் போவார்கள். 1833இல் பாரிஸில் மாணவர் ஃப்ரெடரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை, இன்று நம் பங்குகளிலும் ஏழை வீட்டுக்கு அரிசியோடு போகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய கேட்டுக்குள் தனியே இருக்கும் முதியவர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், இந்த வேலைக்கு இளைஞர்கள் சேரவேண்டும். பலமணி நேரம் உட்கார்ந்து பேசவே அங்கே ஆள் தேவைப்படுகிறது.

கடந்த யூபிலி எதிர்பாராத விதமாகவும் நினைவில் நிற்கும். அதைத் தொடங்கிய பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21, உயிர்ப்பு விழாவுக்கு மறுநாள், இறந்தார். மே 8 அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பதினான்காம் லியோ, 2026 ஜனவரி 6 அன்று புனித பேதுரு கோவிலின் கதவைச் சாத்தி அதை நிறைவு செய்தார். ஒரு திருத்தந்தையின் காலத்தில் தொடங்கி இன்னொருவர் காலத்தில் நிறைவடைந்தது 1700ஆம் ஆண்டு யூபிலிக்குப் பிறகு இதுவே முதல்முறை. ரோமுக்கு வந்தவர்கள் எண்ணிக்கை 3 கோடியைத் தாண்டியது.

தயாராவதற்கு அடுத்த தேதியும் குறிக்கப்பட்டுவிட்டது. இயேசுவின் பாடுகள், இறப்பு, உயிர்ப்பு ஆகியவற்றின் 2000ஆம் ஆண்டு நினைவு 2033இல் வருகிறது. 2025 யூபிலி அதை நோக்கி நம்மை வழிநடத்தும் என்று பிரான்சிஸின் ஆணை மடலே சொல்லியிருக்கிறது. ஒரு பங்குக்கு இது போதுமான அவகாசம். பேனர் அச்சடிக்க ஒரு வாரம் போதும். கடனில் சிக்கிய குடும்பங்களின் பட்டியலை மரியாதை குலையாமல் தயாரிக்கவும், சிறைக்குப் போய்வரும் குழுவை உருவாக்கவும், தனியே இருக்கும் முதியவர் ஒவ்வொருவருக்கும் ஓர் இளைஞரைப் பொறுப்பாக்கவும் ஆண்டுகள் ஆகும். இதை வாசிக்கும் பங்குப்பேரவை உறுப்பினர்கள், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.